பேய் வருவதற்கு முன் வீடு

குழந்தைகளுக்கென்று முதல் நாவல் எழுத உட்கார்ந்திருக்கும் இளம் எழுத்தாளருக்கு,

ஒரு குடும்பம், அதற்குள் ஒரு பேய், படிக்கிற பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்ட வேலை இதுதான். இந்த வகையில் புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேயிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்குக் கால் உண்டா, எந்த மரத்தில் குடியிருப்பு, எத்தனை மணிக்கு வரும் என்று நாலு பக்கம் ஓடிவிடும். ஆனால் வீட்டில் யார் எந்த அறையில் படுக்கிறார்கள், காலையில் குளியலறைக்கு யார் முதலில் ஓடுகிறார்கள் என்பது எழுதுகிறவருக்கே தெரியாது. சிரிப்பு கிடைக்கிற இடமோ அதுதான்.

ஆஸ்கார் வைல்டு 1887இல் வெளியிட்ட ‘கேன்டர்வில் பேய்’ நாவல் அல்ல, நீண்ட கதை. சிறுவர்களுக்காக மட்டும் எழுதியதும் அல்ல. ஆனாலும் சிரிப்புப் பேய்க்கதைகளில் புகழ்பெற்றது என்று அதைச் சொல்லலாம். அமெரிக்கத் தூதர் ஓட்டிஸ், எச்சரித்தவர் பேச்சைக் கேளாமல் ஒரு பழைய இங்கிலாந்து மாளிகையை வாங்கிக் குடும்பத்தோடு குடியேறுகிறார். இரவில் சர் சைமனின் ஆவி சங்கிலியை இழுத்துக்கொண்டு வருகிறது. ஓட்டிஸ் எழுந்து வந்து, சங்கிலிக்கு எண்ணெய் போடும்படி கேட்டுக்கொண்டு, ஒரு குப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுகிறார். இரட்டைப் பையன்கள் தலையணையை வீசுகிறார்கள். இன்னோர் இரவு அது தன் புகழ்பெற்ற பேய்ச்சிரிப்பைச் சிரிக்க, அஜீரணமாக இருக்கும் என்று வீட்டம்மா மருந்தோடு வருகிறார். நால்வரும் நகைச்சுவை செய்வதாக நினைக்கவே இல்லை. பேய் வராத நாளிலும் அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான்.

அந்தக் கதையில் நூலகத் தரையில் ஒரு ரத்தக்கறை இருக்கிறது. மூத்த மகன் கறைநீக்கி போட்டுத் துடைக்கிறான். மறுநாள் காலை திரும்ப வந்துவிடுகிறது. துடைக்கத் துடைக்க வருகிறது, ஆனால் நிறம் மாறி மாறி வருகிறது. ஒருநாள் மரகதப் பச்சை! உண்மை பிறகு தெரிகிறது: ரத்தத்துக்குப் பேய் எங்கே போகும்? மகள் வர்ஜீனியாவின் பெட்டியிலிருந்து வண்ணம் திருடியிருக்கிறது. சிவப்பெல்லாம் தீர்ந்துபோனதால் அவளால் சூரிய அஸ்தமனம் வரைய முடியவில்லை. கடைசியில் நிலாக்காட்சி மட்டுமே மிஞ்சியது. வைல்டு பேய்க்கு எல்லா வல்லமையும் கொடுத்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு முடியாத ஒரு காரியம் இருந்ததால்தான் அது திருடியது, திருட்டினால் ஒரு பெண்பிள்ளைக்கு நஷ்டம் வந்தது, அந்த நஷ்டம் இருவரையும் பேசவைத்தது. உங்கள் பேயால் என்ன முடியாது என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெனலோப்பி லைவ்லியின் ‘தாமஸ் கெம்ப்பின் பேய்’ 1973க்கான கார்னெகி பதக்கம் பெற்ற நாவல். ஜேம்ஸ் என்ற பையனின் குடும்பம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறது. அதற்கு முன் பரண் அறையைச் சீரமைத்த வேலையாட்கள் ஒரு குப்பியை உடைத்துவிட, சுமார் 350 ஆண்டுக்கு முந்தைய மந்திரவாதி வெளியே வந்துவிடுகிறார். ஜேம்ஸைத் தன் சீடனாக வரித்துக்கொண்டு கட்டளைமேல் கட்டளையாக எழுதிப்போடுகிறார். பொருள்கள் உடைகின்றன, கதவுகள் அறைகின்றன, பழி முழுக்கப் பையன் தலையில். இங்கே பெற்றோரை லைவ்லி முட்டாள்களாக்கவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நாமும் அவனைத்தான் தண்டிப்போம். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்காத குழந்தை உலகத்தில் ஏது?

சீர்ஷேந்து முகோபாத்யாய் வங்காளத்தில் இதையே தலைகீழாகச் செய்தார். அவருடைய ‘கோசாயி தோட்டத்துப் பேய்’ நாவலில் புருன் என்ற பையன் கணக்கில் 13 மதிப்பெண் வாங்குகிறான். வீட்டில் அவனுக்கிருந்த மதிப்பு போயிற்று. மனம் வெறுத்துத் தோட்டத்தில் திரிகிறவன்முன் நிதிராம் என்ற பேய் வந்து வித்தைகள் காட்டுகிறது. பையன் பயப்படவில்லை. 13 மதிப்பெண்ணோடு வீட்டுக்குப் போகவேண்டியவனுக்குப் பேய் எம்மாத்திரம்! அவமானப்பட்டு நிற்பது நிதிராம்தான்.

கடினமான பகுதி ஒன்று பாக்கி. பேய் என்றால் யாரோ செத்திருக்கிறார்கள் என்று பொருள். குழந்தைகள் அதை மறப்பதில்லை. ஈவா இபாட்சன் 1996இல் எழுதிய ‘டயல் எ கோஸ்ட்’ நாவலின் வில்கின்சன் குடும்பம் இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து ஒட்டுமொத்தமாக இறந்த குடும்பம். இறந்த பிறகும் அவர்கள் குடும்பமாகவே இருக்கிறார்கள். வழியில் தனியாகக் கிடந்த ஒரு சிறுமி ஆவியைத் தத்தெடுத்து வளர்க்கிறார்கள். குடியிருக்க வீடு தேடி, பேய்களுக்கு வீடு பார்த்துத் தரும் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். முகவரி மாறிப்போய், பெற்றோர் இல்லாத ஆலிவர் என்ற சிறுவனிடம் வந்து சேர்கிறார்கள். மரணத்தை இபாட்சன் ஒளிக்கவில்லை. அதைப் பற்றி அழுதுகொண்டே இருக்கவும் இல்லை. குண்டு விழுந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

இனி உங்கள் கைப்பிரதிக்கு வாருங்கள். நடுவிலிருந்து ஏதாவது ஓர் அத்தியாயத்தை எடுத்து, பேய் வருகிற வரிகளை எல்லாம் பென்சிலால் அடியுங்கள். மிஞ்சியதைப் பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பாட்டிக்கும் அம்மாவுக்கும் நடக்கிற ஏதாவது ஒரு மிக்சி சண்டையிலேயே அது சிரித்துவிட்டால், அடித்த வரிகளை ரப்பரால் அழிக்காமல் மெல்ல, ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதத் தொடங்குங்கள்.