கருவிழி மெலிந்தால் என்ன செய்வது?

நம் கண்ணின் முன்பக்கத்தில் ஒரு மெல்லிய மூடி இருக்கிறது. கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி இருக்கிறதல்லவா? அது போல. அதுதான் கருவிழிப் படலம். அதன் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான்.

சிலருக்கு இளம் வயதிலேயே இந்தப் படலம் மெலிகிறது. மெலிந்த இடம் கூம்பு போல முன்னே தள்ளுகிறது. ஒரு விளக்கு பல விளக்காகத் தெரிகிறது. கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுகிறது. கண்ணைக் கசக்கினால் நோய் அதிகமாகும்.

கண்புரை வேறு. படலத்துக்குப் பின்னால் உள்ள லென்ஸ் மங்குவதே கண்புரை. ஒரே கண்ணில் இரண்டும் வரலாம்.

டில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அருகிலேயே ராம் மனோகர் லோகியா மருத்துவமனை இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையில் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் 1967-இல் தொடங்கியது. இந்த இரண்டு நோயும் உள்ளவர்கள் இப்படிப்பட்ட பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது.

"பக்கத்து வீட்டு மாமிக்கு ஆபரேஷன் சீக்கிரம் முடிந்தது. எனக்கு மட்டும் ஏன் இத்தனை பரிசோதனை?" என்று சிலர் கேட்பார்கள்.

காரணம் இருக்கிறது. புரையை எடுத்த பின் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். படலத்தின் வளைவை அளந்துதான் அதன் பவரை முடிவு செய்வார்கள். வளைவு சீராக இல்லாவிட்டால் கணக்குத் தவறும். காண்டாக்ட் லென்ஸும் வளைவை மாற்றும். ஆகவே அளப்பதற்குச் சில வாரங்கள் முன்பே அதைக் கழற்றிவிடச் சொல்வார்கள்.

எதை முதலில் செய்வது?

1. படலம் இன்னும் மெலிந்துகொண்டே இருந்தால், முதலில் அதை நிறுத்த வேண்டும். வைட்டமின் பி2 சொட்டு மருந்து விட்டு, புற ஊதாக் கதிர் காட்டுவார்கள். போதிய கனம் உள்ள படலத்துக்கே இது பொருந்தும்.

2. நோய் லேசாக இருந்து, வளராமல் நின்றிருந்தால் புரையை எடுக்கலாம். பிறகும் கண்ணாடி தேவைப்படலாம்.

3. படலம் மிகவும் மெலிந்து தழும்பு விழுந்திருந்தால், மாற்றுக் கருவிழி பொருத்துவார்கள். சிலருக்குப் புரையையும் அன்றே எடுப்பார்கள். சிலருக்குப் படலம் ஆறும்வரை பல மாதம் காத்திருந்து எடுப்பார்கள். அப்போது லென்ஸின் பவர் சரியாக அமையும்.

மாற்றுக் கருவிழி பொருத்தியவர்கள் சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. கண் சிவந்தாலும், வலித்தாலும், கூசினாலும், பார்வை மங்கினாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தாமதித்தால் பொருத்திய படலம் கெட்டுவிடும்.

மாற்றுக் கருவிழி கடையில் கிடைக்காது. இறந்தவர் கண்ணிலிருந்துதான் கிடைக்கும். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள். இறந்தவரின் இமைகளை மூடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். இமைகள் மேல் ஈரப் பஞ்சு வையுங்கள். கண்ணாடி போட்டவரும், புரை ஆபரேஷன் செய்தவரும் கண்தானம் செய்யலாம்.

பதில் எழுதுங்கள்:
1. கண்புரைக்கும் கருவிழி மெலிவுக்கும் என்ன வேறுபாடு?
2. ஆபரேஷனுக்கு முன் வளைவை ஏன் அளக்கிறார்கள்?
3. உங்கள் வீட்டில் கண்தானம் பற்றிப் பேசியது உண்டா?