மாடி வீட்டு வெப்பமும் மின் கட்டணமும்

'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருப்போருக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. குளிர்நாட்டு மக்கள் வீட்டைச் சூடாக்கச் செலவிடுகின்றனர். நாமோ சூட்டைத் தணிக்கச் செலவிடுகிறோம். கடற்காற்று கரையோரத்தைக் குளிர்வித்த பிறகே நம் பக்கம் வந்து சேருகிறது. 2003 மே மாதத்தில் சென்னையின் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வெப்பம் வரும் வழி

மொட்டைமாடியின் காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி, இரவில் அதை அறைக்குள் விடுகிறது. ஆகவேதான் இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனலை வீசுகிறது. பழைய சென்னை வீடுகளில் மர உத்திரங்களின் மேல் செங்கற்களை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரையிட்டு, கனமான 'மெட்ராஸ் தளம்' அமைத்தனர். அந்தக் கனம் வெப்பத்தைத் தாமதப்படுத்தியது. இன்றைய மெல்லிய தளத்திற்கு எளிய மருந்து வெள்ளைப் பூச்சு. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் அங்கே எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசப்பட்டது.

ஒரு கணக்குப் பாடம்

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 72 யூனிட். 30 வாட் புதுவகை விசிறிக்கு ஏறத்தாழ 29 யூனிட்தான். ஏ.சி. மணிக்கு 1 யூனிட் என்று கொண்டாலும், இரவு 8 மணி நேரத்திற்கு 60 நாளில் 480 யூனிட்! அதை 20 டிகிரியில் வைக்காமல் 24க்கு உயர்த்தலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணிப்பு.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் கட்டணம் கடுமையாக ஏறும். மூன்று குடும்பங்கள் ஆளுக்கு 180 யூனிட் செலவழிப்பதாகக் கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் மூவருக்கும் சேர்த்து 300 யூனிட் இலவசம். ஒரே மீட்டரானால் 100 மட்டுமே இலவசம். மொத்தம் 540 ஆகி மேல்படிக்கும் போய்விடும். சிக்கனமாக இருந்தும் பில் ஏறும் இரகசியம் இதுவே. ஆகவே வீடு பார்க்கும்போதே, "மீட்டர் தனியா? யூனிட்டுக்கு என்ன கணக்கு?" என்று பெற்றோர் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நலம். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கோருகிறது. தகராறு வந்தாலும் மின்சாரத்தையும் தண்ணீரையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்றும் அது கூறுகிறது.

நாம் செய்யத்தக்கவை

1. மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறத்தில் கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டுதல். வெயில் கண்ணாடியைத் தொடுமுன் தடுக்க வேண்டும்.
2. பகலில் சன்னலைச் சாத்தி, வெளியே குளிர்ந்த பின் திறத்தல்.
3. ஆளில்லா அறையில் விசிறியை நிறுத்துதல். அது அறையைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை உலர்த்துகிறது.
4. வீட்டுக்காரரின் இசைவு பெற்று, குடியிருப்போர் கூடி, கோடைக்கு முன் மாடிக்கு வெள்ளை பூசுதல்.

தோழியரே, ஒன்றை மறவாதிருப்போம். பில்லுக்கு அஞ்சித் தன் விசிறியை நிறுத்திவிட்டு, தேர்வுக்குப் படிக்கும் பேத்திக்காகப் புழுக்கத்தில் படுத்திருக்கும் பாட்டிமார் நம்மிடையே உண்டு. முதியோருக்கு வெப்பம் உயிருக்கே ஆபத்து. சிக்கனம் அவர்களிடமிருந்து தொடங்கலாகாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், பெருகிவரும் ஏ.சி. பயன்பாட்டைத் தீங்கான நுகர்வுப் பழக்கத்திற்கு எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். நம் அறையைக் குளிர்விக்கும் பெட்டி அடுத்த வீட்டுச் சன்னலில் அனலைக் கொட்டுகிறது அல்லவா? வீணாக்காத ஒவ்வொரு யூனிட்டும் பெற்றோருக்கு உதவி; அயலாருக்கும் அன்புப் பணி.