திரையில் ஒற்றாடல்

ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்யலாகாது. செய்யின் மறை வெளிப்படும் என்பது 'ஒற்றாடல்' அதிகாரத்து இறுதிக் குறளின் கருத்து. அங்ஙனம் மறைந்தே வாழும் ஒற்றனின் உள்ளம் என்னாகும்? 2002இல் வெளிவந்த ஹாங்காங் திரைப்படமான 'இன்பெர்னல் அஃபேர்ஸ்' இவ்வினாவையே எழுப்புவதாக நாம் கருதுகிறோம்.

யான் என்னும் காவலன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கயவர் கூட்டத்துள் கரந்துறைகிறான். அவனை இன்னான் என அறிந்து எஞ்சியிருந்தவர் உயரதிகாரி ஒருவரே. அவர் மாடியிலிருந்து வீழ்த்தப்படும்போது யானின் அடையாளமும் உடன் வீழ்கிறது. காவல்துறைக்குள்ளோ அக்கூட்டத்தின் ஒற்றன் நற்பெயருடன் உயர்கிறான்! யானின் பணிக்கோப்பை அழிப்பவனும் அவனே. (2006இல் வந்த அமெரிக்கத் தழுவல் 'தி டிபார்ட்டட்' ஆஸ்கர் பெற்றது, நமக்கு மூலமே உவப்பு.) படத்தின் சீனப்பெயர் இடையறாத் துன்பமுடைய அவீசி நரகைச் சுட்டுவது. யானுக்குக் காவலன் என்ற பெயர் மீண்டது இறந்த பின்னரே.