படகுக்கும் ஒரு கட்டுத்தறி வேண்டும்

தறி என்ற சொல்லைக் கேட்டவுடன் நெசவாளர் நெய்யும் கருவியை நினைப்பார். உழவர் மாட்டைக் கட்டும் முளையை நினைப்பார். இரண்டும் சரியே. நிலத்தில் ஊன்றி நின்று, தன்னிடம் கட்டியதை அலையவிடாமல் பிடித்துக்கொள்ளும் மரத்துக்குத் தறி என்றே பெயர். நீரில் மிதக்கும் படகுக்கும் அத்தகைய தறி ஒன்று தேவை. அதை எங்கே ஊன்றுவது, மழைக்காலம் முழுவதும் படகு பத்திரமாக நிற்கத் தகுந்த இடம் எது என்பதே இம்மாத அங்கத்தினர் கல்விப் பகுதியில் நாம் எடுத்துக்கொண்ட பாடமாகும்.

கூரத்தில் கடல் ஏது, படகு ஏது என்று அங்கத்தினர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் கால்வாய் வெட்டி நீர் கொணர்வது இவ்வூருக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் அளித்த கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்ற காலையும் குறிப்பிடுகிறது. அதே பாலாறு வாயலூருக்கு அருகே கடலை அடையுமிடத்தில், கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காகச் செல்லும் வேறொரு கால்வாய் அதனைக் குறுக்கிடுகிறது. அதுவே பக்கிங்காம் கால்வாய். நம்முடைய பாடம் அங்கிருந்து தொடங்குகிறது.

உப்பை விற்று நெல்லை ஏற்றிவந்த படகுகள் கழிக்கரையில் கட்டப்பட்டு நின்ற காட்சியைப் பட்டினப்பாலை கூறுகிறது. ஆகவே கழியில் படகு கட்டும் தொழில் தமிழருக்கு மிகப் பழையது. பிற்காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே படகுகள் செல்லும் பொருட்டு பாசில் காக்ரேன் என்பவர் ஒரு கால்வாயைத் தொடங்கினார். அது வடக்கே பழவேற்காட்டுக்கும் அதற்கப்பாலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது, கூலியின்றித் தவித்த மக்களுக்கு நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் தூரம் வெட்டி இணைக்கப்பட்டது. அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878-இல் அதற்குச் சூட்டப்பட்டது. ஆந்திரத்தின் பெத்த கஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாயில் விறகு, உப்பு, நெல் முதலியன சென்னைக்கு வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரித்தனர். வாய்க்காவிடில் கரைமீது நடந்து கயிற்றால் இழுத்தனர்.

இப்படகுகளுக்குக் கேடு எப்போது நேர்ந்தது? ஓடும்போது நேர்ந்ததைவிட, ஓடாமல் நின்றபோது நேர்ந்ததே அதிகம் என்று கருத இடமுண்டு. ஓடும் படகில் ஆள் இருக்கிறான். நீர் புகுந்தால் இறைக்கிறான், கயிறு தேய்ந்தால் மாற்றுகிறான். நின்ற படகில் ஆள் இல்லை. இந்நாட்டில் படகு நிற்கும் காலமும் இயற்கை சீறும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் இக்கரைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்கிறது. புயல்களும் பெரும்பாலும் அப்போதே கரையேறுகின்றன. எனவே இடம் தேடும் வேலை புரட்டாசியிலேயே முடிந்திருக்க வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கவேண்டியவை ஆறு.

முதலாவது, நீரோட்டம். கால்வாயை ஆறு குறுக்கிடும் இடம் கோடையில் குளம்போல் அமைதியாக இருக்கும். அதைக் கண்டு ஏமாறலாகாது. வெள்ளம் வரும்போது அதுவே மிகக் கொடிய இடம். ஆற்றுவாயிலிருந்து விலகி, கால்வாயின் உட்பகுதியில் கட்டுவதே தக்கது. வளைவு இருப்பின் அதன் வெளிக்கரையை நீர் அரிக்கும். உட்கரையில் மணல் படியும். இரண்டையும் தவிர்த்து நேரான பகுதியைக் கொள்க.

இரண்டாவது, நீர் ஏறி இறங்கும் அளவு. வறண்ட மாதங்களில் முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக்கொள்கிறது. மழையில் நீர் பெருகி அம்மேட்டை உடைத்தவுடன், ஏறிய நீர் திடீரென்று வடிகிறது. கயிற்றைக் குறுக்கிக் கட்டிய படகு, நீர் ஏறும்போது ஒருபுறம் இழுபட்டு நீர் மொள்ளும். இறங்கும்போது தொங்கிச் சாயும். ஆதலால் முன்னும் பின்னும் இரண்டு கயிறுகளைச் சாய்வாக, நீளம் விட்டுக் கட்டவேண்டும். சென்ற ஆண்டு வெள்ளம் எதுவரை ஏறிற்று என்பதைக் கரையிலுள்ள சுவரும் மரமும் காட்டும், பார்த்து அளந்துகொள்க.

மூன்றாவது, காற்று. வாடைக்கு மறைவாக ஒரு மேடோ தோப்போ இருந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். புயற்காற்று ஒரே திசையில் வீசுவதில்லை. புயலின் மையம் கடந்து செல்லச் செல்லத் திசை மாறுகிறது. மையம் நேராக மேலே சென்றால், சற்று ஓய்ந்து பின் எதிர்த்திசையிலிருந்து அடிக்கிறது. எனவே இருபுறமும் மறைவுள்ள இடமே மறைவான இடம். சவுக்கு மரத்தில் கயிற்றைக் கட்டுவதும் பிழை. ஈரமணலில் நிற்கும் சவுக்கு சாய்ந்தால் படகின் மீதே விழும். ஆழ ஊன்றிய தறியே நம்பத்தக்கது.

நான்காவது, அடிமண். நீர் வடிந்தபின் படகு தரைதட்டி உட்காரும். அடியில் சேறோ மணலோ இருந்தால் கேடில்லை. கருங்கல்லோ பழைய முளையின் முனையோ இருந்தால் அடிப்பலகை போயிற்று. நீர் வற்றியிருக்கும் கோடையிலேயே அடியைப் பார்த்துவைப்பது அறிவுடைமை.

ஐந்தாவது, மேலேயிருந்து வரும் நீர். நாம் கட்டும் இடம் நன்றாக இருந்தாலும், அதற்கு மேற்புறத்தில் உள்ளதெல்லாம் வெள்ளத்தோடு நம்மிடமே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, வடசென்னையின் தொழிற்பகுதியிலிருந்து வெளிப்பட்ட எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. புயலுக்கு அஞ்சிக் கழியில் கட்டப்பட்டிருந்த மீனவர் படகுகளிலும் வலைகளிலும் கரிய எண்ணெய் படிந்தது. படகைப் பழுது பார்க்கப் படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்தது. காற்றையும் வெள்ளத்தையும் கணக்கிட்ட அம்மக்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. மேற்புறத்தார் தம் கடமையில் தவறினால் கீழ்ப்புறத்தில் எவ்வளவு உறுதியான தறியும் பயன்படாது என்பதையே அது காட்டுகிறது.

ஆறாவது, ஆள் எட்டும் தூரம். 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள திறந்த படகில் ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், உள்ளே சேரும் நீர் ஏறக்குறைய 2,000 லிட்டர். அதன் எடை இரண்டு டன். வெள்ளமும் புயலும் இல்லாமலே படகு மூழ்க அது போதும். ஆகவே கீற்று வேய்ந்து மூடுவதும், விடிந்தவுடன் ஒருவர் சென்று நீர் இறைப்பதும் அவசியம். உவர்நீரில் நிற்கும் மரப்படகைக் கப்பற்புழு துளைக்கும். நன்னீரில் அப்புழு வாழாது. எனவே மழையால் உப்புக் குறையும் உட்கழி, மரத்துக்கும் நன்மை தரும்.

இனி வேறொரு நாட்டைப் பார்ப்போம். கூட்டுறவாளர் எவரும் ராச்டேல் என்ற ஊரை மறவார். 1844-இல் இருபத்தெட்டு பேர், அவர்களுள் பலர் நெசவாளர், இங்கிலாந்தின் அவ்வூரிலேதான் தங்கள் பண்டகசாலையைத் தொடங்கினர். அவ்வூர் வழியாக 1804-இல் நிறைவுற்ற கால்வாய் ஒன்று செல்கிறது. 1952-இல் அதன் பெரும்பகுதி மூடப்பட்டது. பிறகு செப்பனிடப்பட்டு 2002-இல் முழுவதும் திறக்கப்பட்டது. இங்கிலாந்துக் கால்வாய்களில் சரக்குப் படகுகள் குறைந்துவிட்டாலும், படகையே வீடாகக் கொண்டோர் பலர் உள்ளனர். நிரந்தரமாகக் கட்ட இடமில்லாதவர் பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்குமேல் தங்கலாகாது என்பது அங்குள்ள சட்டம். குளிர்காலத்திலோ நீர் உறையும். படகுகளை மேலும் கீழும் ஏற்றியிறக்கும் இரட்டைக் கதவு மதகுகளைப் பழுது பார்ப்பதற்காக அடைப்பதும் அப்போதுதான். ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை கட்டணம் பெற்றுக்கொண்டு ஓரிடத்தில் நிற்க அனுமதிக்கும் ஏற்பாட்டைக் கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை செய்துவருகிறது. எந்த மதகு எப்போது அடைக்கப்படும் என்பதும் முன்கூட்டியே தெரிவிக்கப்படுகிறது.

அங்கே பகை பனி. இங்கே பகை வெள்ளம். ஆனால் உண்மை ஒன்றே. நிற்கும் இடம் தனி மனிதன் தானாக உண்டாக்கிக்கொள்ளக் கூடியதன்று. கரை பொது, நீர் பொது, ஆபத்தும் பொது. நன்றாகக் கட்டிய படகுக்கு மேற்புறம் சரியாகக் கட்டாத படகு ஒன்று இருந்து, அது கயிற்றை அறுத்துக்கொண்டு வருமானால், கீழே கட்டிய பத்துப் படகுகளையும் இடித்து நொறுக்கும். தன் கயிற்றை மட்டும் பார்த்துக்கொள்பவன் தன் படகைக்கூடக் காப்பாற்ற இயலாது. இதுவே கட்டுத்தறி கற்பிக்கும் கூட்டுறவுப் பாடம்.

பக்கிங்காம் கால்வாயின் கதையும் இதனை உறுதி செய்கிறது. 1960-களிலும் 1976-லும் அடித்த புயல்கள் அதைச் சேதப்படுத்தின. சேதமடைந்ததை உடனுக்குடன் சீர்செய்து காக்கும் ஏற்பாடு குன்றியது. நகரப் பகுதியில் சாக்கடை கலந்தது. பறக்கும் ரயிலின் தூண்கள் நீருக்குள்ளேயே எழுந்தன. 2008-இல் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டும், பழைய சரக்குப் படகு ஓட்டம் இன்னும் மீளவில்லை. ஆயினும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, கரையேறிய நீரைப் பல இடங்களில் இக்கால்வாய் தன்னுள் வாங்கி, அதற்கு அப்பால் இருந்தோரைக் காத்தது. பாழாகிக் கிடந்த நிலையிலும் பயன் தந்த பொதுச்சொத்து, பேணப்பட்டிருந்தால் எவ்வளவு பயன் தந்திருக்கும்!

இப்போது நம் இல்லத்துக்குத் திரும்புவோம். ஐப்பசி அடைமழையில் குழித்தறியின் குழியில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு நீட்ட வெயில் இல்லை. ஈரத்தில் இழை தளர்கிறது. அந்த வாரங்களில் தறி நிற்கிறது, கூலியும் நிற்கிறது. சொர்ணவாரி அறுத்த உழவர் நெல்லைக் காயவைக்க வழியின்றி, வந்த விலைக்குக் கொடுக்க நேர்கிறது. நெசவாளரின் பாவுக்கும் உழவரின் நெல்லுக்கும் மழைக்காலத்தில் நிற்க ஓர் இடம் வேண்டும். தெருவுக்கு ஒரு கூரையிட்ட பாவுக்கூடம், சற்று உயரமான மேடையில் ஒரு பொதுக் களஞ்சியம், நீர் வடிய ஒரு சீரான வாய்க்கால் ஆகிய இம்மூன்றுமே நமது கட்டுத்தறிகள். தனித்தனியே இவற்றைக் கட்ட நம்மில் எவராலும் முடியாது. சேர்ந்தால் முடியும், அதுவும் புரட்டாசிக்கு முன் தொடங்கினால்தான் முடியும்.

அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் பின்வரும் வினாக்களை எடுத்து ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.

1. சென்ற மழைக்காலத்தில் நம் ஊரில் எத்தனை தறிகள், எத்தனை நாள் நின்றன? கணக்கெடுத்தோமா?

2. வெள்ளம் எந்த வீட்டின் படிவரை ஏறிற்று என்ற அடையாளத்தைக் குறித்து வைத்தோமா?

3. நம் தெருவின் கழிவும் சாய நீரும் எந்தக் காலில் விழுகின்றன? அதற்குக் கீழ்ப்புறத்தில் இருப்பவர் யார்?

மூன்றாம் வினாவுக்கு விடை காண்பது சற்றுக் கசப்பாக இருக்கக்கூடும். ஒருவருக்கு மேற்புறத்தாராக இருக்கும் நாமே இன்னொருவருக்குக் கீழ்ப்புறத்தாராகவும் இருக்கிறோம். அதை நினைவிற்கொண்டு ஆலோசித்தால் நம் தறியும் நிலைக்கும், கடலோரத்தார் படகும் நிலைக்கும்.