வயலில் இட்ட உரம் கிணற்றுக்குப் போகலாமா?

நம் மாநிலத்தின் கிணற்றுப் பாசனப் பகுதிகளில், தோட்டத்தின் நடுவே அமைந்த கிணறு ஒன்றே பயிருக்குப் பாய்கிறது. மாட்டுக்குத் தொட்டியை நிரப்புகிறது. பல இல்லங்களில் குடிநீர்க் குடத்தையும் நிரப்புகிறது. ஆதலால் மண்ணில் நாம் இடுவது மண்ணோடு நின்றுவிடுவதில்லை. மண்ணின் வளத்தையும் நீரின் தூய்மையையும் ஒருங்கே காப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

உரம் கிணற்றை அடையும் வழி

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை முதலில் அம்மோனியமாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியத்தைக் களிமண் பற்றி வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டை அவ்வாறு பற்றி வைக்க இயலாது. பயிரின் வேர் உறிஞ்சியது போக எஞ்சிய நைட்ரேட், பாய்ச்சும் நீரோடும் மழை நீரோடும் கீழே இறங்கிவிடும். மணற்பாங்கான செம்மண்ணில் இது விரைந்து நிகழும். கடும்பாறைப் பகுதிகளில் அந்நீர் பாறை வெடிப்புகளின் வழியே கிணற்றைச் சென்றடையும். கிணற்றருகே குவித்த எருவும், கட்டுக்கோப்பின்றி அமைத்த கழிவறைக் குழியும் இக்கேட்டை மிகுவிக்கும். ஆகவே பழி முழுவதையும் உரத்தின் மீதே சுமத்துதல் முறையன்று.

கேடு யாருக்கு?

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் கூடாது என்பது நம் நாட்டின் தர வரம்பு. இதனை மிஞ்சிய நீரில் பால்மாவு கரைத்துப் புட்டிப்பால் ஊட்டினால், ஆறு மாதத்திற்குட்பட்ட கைக்குழந்தைகளின் குருதி பிராண வாயுவை ஏந்திச் செல்லும் ஆற்றல் குறையக்கூடும். உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஊறு நேரலாம். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீரைக் காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எடுத்த நீர் மாதிரிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 இவ்வரம்பைக் கடந்திருந்தன. இது நாம் கவலையுடன் கருத வேண்டிய செய்தியாகும்.

கிணற்றில் கிடக்கும் மூட்டைகள்

இதில் உழவருடைய பணமும் அடங்கியிருக்கிறது. ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு 90 மில்லிகிராம் நைட்ரேட் உள்ளதாகக் கொள்வோம். அதில் தழைச்சத்து மட்டும் ஏறத்தாழ 20 மில்லிகிராம். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒரு முறை நீர் பாய்ச்சினால், செலவாகும் நீர் சுமார் 2 இலட்சம் லிட்டர். அதனுடன் நிலத்திற்கு வரும் தழைச்சத்து 4 கிலோ. பத்துப் பாய்ச்சலில் 40 கிலோ! 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ மட்டுமே. எனவே ஏறக்குறைய இரண்டு மூட்டை யூரியா அந்நீரிலேயே கலந்திருக்கிறது. இதனை அறியாமல் வழக்கம்போல் முழு அளவு உரமிட்டால், மிகுந்தது மீண்டும் கிணற்றுக்கே போகும். கைப்பணமும் வீண், குடிநீரும் கெடும்.

செய்ய வேண்டியவை

1. மண் ஆய்வு: அறுவடைக்குப் பின், அடுத்த பயிருக்கு எருவிடுமுன் மாதிரி எடுக்க வேண்டும். வரப்பு, மரநிழல், எருக்குவியல், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாகச் சீராகச் சுரண்டி எடுத்த மண்ணை ஒன்றாகக் கலக்குக. நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாகக் குறைத்து, துணிப்பையில் இட்டு மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. 2015இல் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு இயல்புகள் கணிக்கப்பெறுகின்றன.

2. நீர் ஆய்வு: பம்பு செட்டைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பின், அந்நீராலேயே கழுவிய இரு சுத்தமான புட்டிகளில் நீர் பிடிக்க வேண்டும். உப்பு நிலையை அறிய ஒன்று மண் பரிசோதனை நிலையத்திற்கும், நைட்ரேட்டை அறிய மற்றொன்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்திற்கும் செல்லட்டும்.

3. பிரித்து இடுதல்: பரிந்துரைத்த தழைச்சத்தை ஒரே முறையில் கொட்டாமல், பயிரின் பருவத்திற்கேற்பத் தவணைகளாக இடுக. உரமிட்டவுடன் மிகுதியாக நீர் பாய்ச்சலாகாது. பெருமழை வருமெனத் தோன்றினால் உரமிடுவதைத் தள்ளி வைக்க வேண்டும். நெல்லுக்கு இலை வண்ண அட்டையின் துணைகொண்டு தேவையறிந்து இடலாம்.

4. பசுந்தாள் உரம்: தக்கைப்பூண்டு, சணப்பு முதலியவற்றை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுக. மண்ணில் மக்குச்சத்து பெருகினால் நீரும் சத்தும் வேர் மண்டலத்திலேயே தங்கும். பசுந்தாள் தரும் தழைச்சத்தையும் கணக்கிட்டு யூரியாவைக் குறைத்தல் வேண்டும்.

5. கிணற்றைச் சுற்றி: எருக்குழி கிணற்றுக்குத் தொலைவிலும், நீர் வழியும் சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்புறத்திலும் அமைக. மருந்து தெளிக்கும் கருவியைக் கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ கழுவலாகாது.

நம் கடமை

பச்சை கட்டினால்தான் விளைச்சல் என்று நம்பும் உழவரிடம், 'உரத்தைக் குறை' என்று மட்டும் சொல்வதால் பயனில்லை. ஒரு போகம் பொய்த்தால் கடன் சுமப்பவர் அவரே. அவர் தயங்குவது இயல்பு. உதவி வேளாண்மை அலுவலர் அவருடைய ஆய்வுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் வயல் வரப்பில் அமர்ந்து மேற்கண்ட கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டட்டும். முதல் ஆண்டு கால் ஏக்கரில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லட்டும். கண்ணால் கண்டதை உழவர் ஒருபோதும் தள்ளமாட்டார்.

ஆய்வில் நைட்ரேட் மிகுந்திருந்தால், அவ்வீட்டுக் கைக்குழந்தைக்கு வேறு நல்ல நீர் கிடைக்க வழி செய்வது ஊராட்சியின் முதற்கடமை. கெட்ட கிணறு ஒரே பருவத்தில் திருந்திவிடாது. எனினும் இவ்வாண்டு நாம் மிகையாக இடாத உரம், வரும் ஆண்டுகளில் நம் குழந்தைகள் அருந்தும் நீரில் இராது. அந்நோக்குடன் இப்பணியை இப்போகத்திலேயே தொடங்குவோமாக.