உணரி சொல்வது உண்மையா?

ஒரு கிளையின் கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்கு அக்கிளையின் சொல்லே சான்றாகாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து சரிபார்க்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் முகப்பில் ‘மைனஸ் 18’ என ஒளிரும் எண்ணுக்கும் இவ்விதி பொருந்தும். அது உள்ளே நிலவும் குளிர் அன்று. உள்ளிருக்கும் ஓர் உணரி அனுப்பிய அறிக்கை. சில பெட்டிகளில் அறிக்கைகூட அன்று; நாம் கேட்டுவைத்த அளவு மட்டுமே.

இந்த உணரி மிளகைவிடச் சற்றே பெரியது. பிளாஸ்டிக் உறைக்குள் பொதிந்திருக்கும் அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செல்கின்றன. பழுதுபார்ப்போர் இதைச் சென்சார் என்றும் தெர்மிஸ்டர் என்றும் அழைப்பர். உலோகக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும். இப்பொருளிலோ நேர்மாறாக, குளிரக் குளிர மின்தடை ஏறும். வெள்ளி சல்ஃபைடில் இவ்விந்தையை மைக்கேல் ஃபாரடே 1833-இல் கண்டார். சாமுவேல் ரூபன் 1930-இல்தான் அதை வணிகப் பொருளாக்க வழி கண்டார். இந்த மின்தடையைப் படித்தே பலகை கம்ப்ரசரை ஓட்டுகிறது, நிறுத்துகிறது. ஒற்றைக் கதவுள்ள பழைய பெட்டிகளில் பெரும்பாலும் வாயு அடைத்த நுண்குழாய்த் தெர்மோஸ்டாட் இருக்கும். இக்கட்டுரை அவற்றைப் பற்றியது அன்று.

உணரி மூன்று விதமாகக் கெடுகிறது. கம்பி அறுந்தால் மின்தடை எல்லையின்றி உயரும்; பலகை அதைக் கடுங்குளிர் எனப் படிக்கும். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் கடும்வெப்பம் எனப் படிக்கும். இவ்விரண்டும் அப்பட்டமான பொய்கள் ஆதலால் இன்றைய பலகைகள் அவற்றை நம்புவதில்லை. முகப்பில் ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டிவிட்டு, கம்ப்ரசரைக் கடிகாரக் கணக்கில் ஓட்டிச் சமாளிக்கும். குறியீட்டின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெட்டியோடு வந்த கையேட்டில் காணலாம்.

மூன்றாவதுதான் தொல்லை தருவது. உறைக்குள் ஈரம் கசிந்தால் மின்தடை சற்றே குறையும். உணரி உண்மையைவிடச் சில டிகிரி வெப்பமாக அறிவிக்கும். கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், தயிர் உறையும், கீரை கண்ணாடிபோல் விறைக்கும், மின்கட்டணம் ஏறும். மாறாக, இணைப்பு முனை கடுமையாகத் துருப்பிடித்தால் மின்தடை கூடும். உணரி உள்ளதைவிடக் குளிராக அறிவிக்கும். கம்ப்ரசர் முன்கூட்டியே ஓய்வெடுக்க, ஐஸ்கிரீம் இளகும், பால் புளிக்கும். நம்பத்தகுந்த பொய் ஆகையால் குறியீடு எதுவும் தோன்றாது.

பால் புளித்தால் இழப்பு சிறிது. வீட்டில் இன்சுலின் பயன்படுத்துவோர் இருந்தால் கதை வேறு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், பின்னர் இளகித் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படுத்தலாகாது. முகப்பு ‘4’ என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நிகழக்கூடும்.

உறைபனி சேராத வகைப் பெட்டிகளில் இன்னோர் உணரியும் உண்டு. உறைபகுதியின் பின்தட்டுக்குப் பின்னால், குளிரூட்டும் குழாயின் மீது கவ்வியிருக்கும் அது, பனியை உருக்கும் ஹீட்டரை எப்போது நிறுத்துவது என்று சொல்கிறது. அது ‘வெப்பம் போதும்’ என்று அவசரப்பட்டால் ஹீட்டர் பாதியில் நின்றுவிடும். உருகாத பனி நாளுக்கு நாள் தடித்துக் காற்றுவழியை அடைக்கும். மேலே பனிக்கட்டி நன்றாக இருக்கும்போது கீழே காய்கறி அழுகினால் முதலில் ஐயுற வேண்டியது இப்பகுதியைத்தான். ‘கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்’ என்ற தீர்ப்பு மிக எளிதாக வழங்கப்படுவதும் இந்த நிலையில்தான்.

எனினும் உணரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் வெளிக்காரணங்களை விலக்க வேண்டும். கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் கதவின் ரப்பர் பட்டை தளர்ந்துள்ளது. உள்ளே காற்று வரும் துளைகளைப் பாத்திரங்கள் மறைக்கலாகாது. பருவகாலமும் ஏமாற்றும். நான் வசிக்கும் தளேகாவில் மார்கழி, தை மாத விடியல்களில் குளிர் சில நாள் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். சில மாடல்களில் கம்ப்ரசரை ஆளும் உணரி கீழ்ப்பகுதியில் மட்டுமே இருக்கும். அத்தகைய பெட்டியைத் திறந்த பால்கனியில் வைத்தால், கீழ்ப்பகுதி தானாகவே குளிர்ந்திருப்பதால் கம்ப்ரசர் அரிதாகவே ஓடும். மேலே உறைந்தவை இளகும். அங்கே உணரி உண்மையைத்தான் சொல்கிறது. பெட்டியை வைத்த இடம்தான் தவறு.

இவ்வூரில் ரோஜா வளர்ப்போரிடம் பார்த்துக் கற்கத்தக்க பழக்கம் ஒன்று உண்டு. தளேகாவ் மலர்ப் பூங்காவின் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜாக்கள் பிப்ரவரி மாதத்தில் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. வெட்டிய மலரை 2 முதல் 4 டிகிரியில் காக்க வேண்டும். குளிரறை ஓரிரவு பிழைத்தால் ஆண்டின் சிறந்த வருமானம் வாடிவிடும். ஆகவே கவனமுள்ளவர் இயந்திரத்தின் எண்ணை மட்டும் நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றையும் உள்ளே மாட்டுவர். வீட்டுக்கும் அதுவே முதற்சோதனை. கீழ்ப்பகுதியின் நடுத்தட்டில் ஒரு குவளை நீருக்குள் வெப்பமானியை இரவு முழுவதும் வையுங்கள். காலையில் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைபகுதியில் உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே வைத்தால் மைனஸ் 18-ஐ ஒட்டி இருக்க வேண்டும். முகப்பு எண்ணுக்கும் இதற்கும் இடையே பல டிகிரி வேறுபாடு நாள்தோறும் நீடித்தால் ஐயத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

இரண்டாம் சோதனைக்கு ஒரு மல்டிமீட்டரும் ஒரு குவளைப் பனிக்கட்டியும் போதும். மின்இணைப்பைச் செருகியிலிருந்தே எடுத்துவிட்டு உணரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பொடித்த பனிக்கட்டியில் சிறிது நீர் சேர்த்துக் கலக்கினால் அக்கலவை 0 டிகிரியில் நிற்கும். செலவில்லாத அளவுகோல் அது. முனை குவளையின் சுவரைத் தொடாதவாறு உணரியை ஐந்து நிமிடம் அமிழ்த்தி மின்தடையைப் படியுங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை இங்கே ஏறத்தாழ 27 முதல் 33 வரை காட்டும். 5 கிலோ ஓம் வகை அதில் பாதி. வகை தெரியாவிட்டாலும் 25 டிகிரியிலிருந்து 0-வுக்கு இறங்கும்போது அளவு சுமார் மூன்று மடங்காவதைக் காணலாம். பின்னர் முனையை விரல்களுக்கிடையே பிடித்தால் எண் சீராக இறங்க வேண்டும். துள்ளினாலும் அசையாமல் நின்றாலும் உணரி பழுது. துல்லியமான எண்கள் நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும்.

மின்கருவிகளில் பழக்கமில்லாதவர் பின்தட்டைத் திறக்காமல், பழுதுபார்க்க வருபவரிடம் இச்சோதனையைக் கேட்டுப் பெறுவதே நல்லது. இன்வெர்ட்டர் பலகையில் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கும். பல புதிய பெட்டிகளில் உள்ள ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றும் வாயு. பனியைக் கத்தியால் சுரண்டிக் குழாயைத் துளைத்துவிடக் கூடாது.

பணக் கணக்கு எளியது. உணரியின் விலை சில நூறு ரூபாய். கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பல ஆயிரம். புதிய பெட்டிக்கு மாதத் தவணை. மக்களிடம் பைசா பைசாவாகத் திரட்டிய நிதியில் 1908-இல் கண்ணாடித் தொழிற்சாலை கண்ட ஊர் இது. இங்கே சில நூறு ரூபாயையும் எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. பத்தாண்டு உத்தரவாதம் என்பது பொதுவாகக் கம்ப்ரசருக்கு மட்டுமே. உணரியும் பலகையும் பெரும்பாலும் முதலாண்டோடு விலக்கப்பட்டுவிடும். ஆகவே பலகையை மாற்றச் சொன்னால் உணரியின் அளவீட்டை எழுத்தில் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் பெற்றுக்கொள்ளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

புதிய உணரி பழையதன் அதே ஓம் அளவுடையதாக இருக்க வேண்டும். 10 கிலோ ஓம் இருந்த இடத்தில் 5 பொருத்தினால் புதுப்பொருளே பொய் சொல்லத் தொடங்கும். பொருத்தி 24 மணி நேரம் கழித்துக் குவளை நீரிலிருக்கும் வெப்பமானியை மீண்டும் படித்து, அந்த எண்ணைப் பில்லின் பின்புறம் தேதியோடு குறித்துவையுங்கள். அதுவரை இன்சுலினை அண்டை வீட்டுப் பெட்டியில் வைத்திருக்கலாம்.