பாடவேளையை எண்ணிவிட்டுப் பாடத்தைப் பிரியுங்கள்

ஜூனில் பள்ளி திறந்ததும் போர்ஷனை மாதவாரியாகப் பிரித்து எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுகிறோம். அந்த மாதத்தில் எத்தனை பாடவேளை கையில் நிற்கும் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது பி.டி. பீரியடைக் கடன் கேட்க வேண்டியிருப்பது அதனால்தான். இந்தக் கணக்கைப் போட இரண்டு இலவச மென்பொருள்கள் போதும்: கால அட்டவணைக்கு எஃப்.இ.டி., ஆண்டுத் திட்டத்துக்கு லிப்ரேஆபிஸ் கால்க்.

முதல் வேலை தாளில்தான். நாளுக்கு 8 வேளை, வாரம் 5 நாள் என்றால் ஒரு வகுப்புக்கு 40. ஐந்து முக்கியப் பாடங்களுக்கும் தலா 7 கொடுத்தால் 35 போய்விடும். உடற்கல்வி, ஓவியம், நூலகம், கணினி எல்லாம் மீதி ஐந்துக்குள் அடங்க வேண்டும். ஆசிரியர் பக்கமும் கூட்டிப் பாருங்கள். நான்கு பிரிவுக்குக் கணிதம் எடுப்பவருக்கு 28 வேளை. இங்கே இடித்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

அடுத்து எஃப்.இ.டி. ருமேனியாவின் லிவியு லலேஸ்கு 2002இல் தொடங்கியது. இணையம் இல்லாமலே ஓடும். நாள், வேளை, பாடம், ஆசிரியர், வகுப்பு என்ற வரிசையில் விவரம் கொடுங்கள். பிறகு யார், எந்த வகுப்புக்கு, எந்தப் பாடம், வாரம் எத்தனை வேளை என்று சேர்க்க வேண்டும். ஐந்து நாளில் ஏழு கணித வேளையை ஒரே தொகுதியாகக் கொடுக்காதீர்கள். நாளுக்கொன்றாக ஐந்து, தனியாக இரண்டு என்று பிரித்துக் கொடுங்கள். ஆய்வகத்துக்கு இரட்டை வேளை.

நிபந்தனைகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 100 வரை எடை கொடுக்கலாம். 100 என்றால் மீறவே கூடாது. பகுதிநேர ஆசிரியர் வராத நாள், ஒரே ஒரு ஆய்வகம் போன்றவற்றுக்கு மட்டும் 100 வையுங்கள். "எனக்கு முதல் பீரியட் வேண்டாம்" என்பதற்கெல்லாம் 100 கொடுத்தால் அட்டவணை பிறக்காது. முதலில் கட்டாய நிபந்தனைகளோடு மட்டும் ஓடவிட்டு, பிறகு விருப்பங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் நல்லது.

அட்டவணை வந்த பிறகே ஆண்டுத் திட்டம். கால்க்கில் ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரு தேதிக்கு ஒரு வரி. பக்கத்தில் கிழமை, அதன் பக்கத்தில் நிலை: வேலைநாள், விடுமுறை, தேர்வு, விழா. காலாண்டு, அரையாண்டு, பொங்கல், உள்ளூர் விடுமுறை எல்லாவற்றையும் குறியுங்கள். 'கவுண்ட்இஃப்ஸ்' சார்பைப் போட்டால் காலாண்டுக்கு முன் எத்தனை திங்கள், எத்தனை செவ்வாய் வேலைநாள் என்று வந்துவிடும். அதை அந்தக் கிழமையில் உள்ள வேளையால் பெருக்கிக் கூட்டுங்கள். இங்கேதான் விஷயம் தெரியும். 'அ' பிரிவுக்குக் கணினிப் பாடம் திங்கள், வெள்ளியிலும், 'ஆ' பிரிவுக்குச் செவ்வாய், வியாழனிலும் விழுந்தால், ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஆனால் கிடைக்கும் வேளை வேறு. வாரக் கணக்கில் பெருக்கினால் இது கண்ணில் படாது.

வந்த எண்ணில் பத்தில் ஒரு பங்கை மழைக்கும் திடீர் கூட்டங்களுக்கும் ஒதுக்கிவிடுங்கள். நவம்பர் மழை பார்த்த ஊர்களில் இன்னும் கொஞ்சம். மீதியைப் பாட எண்ணிக்கையால் வகுக்க வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை வேளை வேண்டும் என்பதை அதை நடத்துபவரே எழுதட்டும். இயற்கணிதமும் புள்ளியியலும் ஒரே வேகத்தில் போகாது. பத்தாம் வகுப்புக்கு மட்டும் பின்னாலிருந்து எண்ணுங்கள்: முதல் திருப்புதல் தேர்வுத் தேதியைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஜூனுக்கு வாருங்கள்.

மாதக் கடைசியில், மழையால் போன நாட்களின் நிலையை 'விடுமுறை' என்று மாற்றினால் மீதி வேளை தானே குறையும். முடிந்த பாடத்தின் எதிரே தேதி போடுங்கள். மீதி வேளையைவிட மீதிப் பாடத்துக்கான தேவை கூடியிருந்தால், எதைச் சுருக்குவது, எதை வீட்டுவேலையாகக் கொடுப்பது என்று துறை ஆசிரியர்கள் அன்றே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். பி.டி. பீரியடைத் தொட வேண்டாம்.